இன்னொரு அகப்பை

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி வருஷக்கணக்கு ஆகிவிட்டது. தாளை எடுத்து மேசையில் வைப்பேன். இரண்டு வரி எழுதுமுன் அடுப்பில் பால் பொங்கும், இல்லாவிட்டால் மனசு பின்வாங்கும். பால் பொங்கிய நாட்கள் கொஞ்சம்தான்.

மிஷனைப் பற்றிக் குறையாக எழுத எனக்குக் கை வரவில்லை. என் தகப்பனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது மிஷன். எனக்கு ஞானஸ்நானம் தந்தது மிஷன். என் தாய் காய்ச்சலில் கிடந்தபோது தலைமாட்டில் இருந்து ஜெபித்தவர்கள் மிஷன் அம்மாமார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும், அதுவும் மிஷன் பள்ளிக்கூடத்தில். அவர்கள் தந்த எழுத்தை வைத்துக்கொண்டு அவர்களைப் பற்றியே எழுதுவதா என்று ஒவ்வொரு முறையும் தாளை மடித்து வைத்துவிடுவேன். என் கணவரும், "எழுதி என்னப்பா வரப்போகுது? போன பள்ளிக்கூடம் திரும்பி வருமே?" என்பார். அவர் கேட்பது நியாயம்தான்.

ஆனால் சில மாதங்களுக்கு முன் ஒரு நன்றியறிதல் ஆராதனையில், எங்கள் பள்ளிக்கூடம் ஏன் இல்லாமல் போனது என்று ஒருவர் எழுந்து நின்று காரணம் சொன்னார். அதைக் கேட்டுவிட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கதைக்கு நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டது போலாகும். அதனால் எழுதுகிறேன். கர்த்தர் என் மனசை அறிவார்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வேதக் கோவில் வளவுக்குள் அப்போது இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. முன்பக்கம் பெரிய ரோட்டைப் பார்த்தபடி பெண்பிள்ளைகளின் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். பின்பக்கம் எங்கள் ஒழுங்கையைப் பார்த்தபடி தமிழ்ப் பள்ளிக்கூடம். இரண்டும் ஒரே மிஷன், ஒரே கமிட்டி, ஒரே கிணறு. முன்பக்கத்துப் பிள்ளைகள் சப்பாத்துப் போட்டு வருவார்கள். எங்கள் பிள்ளைகள் கால் கழுவிக்கொண்டு உள்ளே போவார்கள். அதைப் பற்றி அந்த நாளில் ஒருவரும் மனஸ்தாபப்பட்டதில்லை.

நான் படித்த அதே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் என் மகளும் படித்தாள். ஒரே பிள்ளை. சின்ன வயதிலேயே அவளுக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. பூனையை முன்னால் இருத்தி, கரித்துண்டால் குசினி அடுப்படிச் சுவரில் எழுதிப் படிப்பிப்பாள். "இவளுக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று யாராவது கேட்டால், "நான் ரீச்சர். சத்தம் போடாதேங்கோ" என்பாள். எட்டாம் வகுப்பு முடித்தால் மிஷன் ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பும். எங்கள் ஒழுங்கையில் இருந்து அதுவரை ஒரு பெண்பிள்ளையும் போனதில்லை. இவள் போவாள் என்று எங்கள் தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார்.

அந்தத் தலைமை ஆசிரியையை ஒழுங்கை முழுவதும் ரீச்சர் என்றுதான் அழைக்கும். கல்யாணம் செய்யாதவர். வயதான தாயோடு கோவில் வளவுக்குப் பக்கத்து அறையில் இருந்தார். சத்தமாக ஒரு வார்த்தை கதைக்கமாட்டார். பிள்ளைகளை அடிக்கமாட்டார், முகத்தைப் பார்த்தபடி நிற்பார், பிள்ளை தானாக அழுதுவிடும்.

பிறகு யுத்தம் வந்தது. ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது துறைமுகப் பக்கம் புகை எழும்பியதை நாங்கள் கோவில் வாசலில் நின்று பார்த்தோம். அந்தக் கிழமையே பாதிக் கொழும்பு ரயில் ஏறியது. நானும் மகளும் மட்டக்களப்பில் என் தங்கை வீட்டுக்குப் போனோம். என் கணவர் துறைமுகப் பட்டறையில் மெஷின் பூட்டுகிற பிற்றர், அவரை விடவில்லை. பள்ளிக்கூடங்கள் இரண்டையும் ஆமி எடுத்துக்கொண்டது.

திரும்பி வந்தபோது எங்கள் பள்ளிக்கூடத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகளையெல்லாம் ஆமிக்காரர் அடுப்புக்கு விறகாக்கியிருந்தார்கள். கரும்பலகையின் நடுவில் வட்டம் கீறி, கூரான எதையோ எறிந்து விளையாடியிருந்தார்கள், அது முழுக்க ஓட்டை. வெடி அதிர்ச்சியிலோ, மேலே ஏறி நின்று காவல் பார்த்ததிலோ, ஓடு பாதிக்கு மேல் உடைந்து விழுந்திருந்தது. மழை பெய்தால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசமில்லை. முன்பக்கத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கும் சேதம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே அதிகாரிமார் தங்கினார்கள். அதிகாரிமார் மேசையை விறகாக்கமாட்டார்கள்.

ரீச்சர் கோவிலின் பக்கத்து விறாந்தையில் பாய் விரித்து, வந்த பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிப்பித்தார். மழைச் சாரல் அடித்தால் பிள்ளைகள் சிலேட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் நகர்வார்கள். இப்படி யுத்தம் முடிகிற மட்டும் நடந்தது. முடிந்த பிறகும் நடந்தது. ஒரு நாள் கல்வி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, "விறாந்தையைப் பள்ளிக்கூடம் எண்டு நான் எழுதேலாது. அடுத்த முறை வரேக்க ஓட்டுக் கூரையும் வாங்கும் இருக்க வேணும். தென்னங்கிடுகு போட்டுச் சமாளிக்கப் பாக்காதேங்கோ. இல்லாட்டிப் பதிவை வெட்டிப்போடுவினம்" என்று சொல்லிப் போனார். என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. பதிவு போனால் அவளுடைய எட்டாம் வகுப்பும் போனது, பயிற்சியும் போனது. அதனால் அந்தக் கூரைக்காக எங்கள் வீட்டில் தினமும் ஜெபம். மகள் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, ஓடு" என்பாள். வேறு விளக்கமெல்லாம் அவருக்குத் தேவையில்லை என்பது அவள் எண்ணம்.

அந்த நேரத்தில்தான் நல்ல செய்தி வந்தது. கடலுக்கு அப்பால் தாய்ச்சபைகளில் யுத்தத்தில் இடிந்த பள்ளிக்கூடங்களைத் திருப்பிக் கட்டக் காணிக்கை சேர்த்திருக்கிறார்கள், ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் பர்மா, மலாயா எல்லாம் பார்த்துவிட்டு எங்களிடமும் வருகிறார், என்ன தேவை என்று நேரில் கேட்டு எழுதிக்கொண்டு போவார் என்று பள்ளிக்கூடக் கமிட்டியின் செயலாளர் கோவிலில் அறிவித்தார்.

இந்தச் செயலாளர் ஐயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழர், எங்கள் சபைக்காரர். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் பிறந்து வளர்ந்து, படித்து, பெரிய உத்தியோகம் பார்த்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு கட்டிப் போனவர். அவருடைய பெண்பிள்ளைகள் முன்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். என் மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் எத்தனையோ தரம் சாப்பிட்டவர். அவர் "போதும்" என்று சொன்னதும் மாமியார் இன்னொரு அகப்பை போடுவதும், அவர் "ஐயோ மாமி" என்று சிரித்துக்கொண்டே சாப்பிடுவதும் என் கண்ணுக்குள் இருக்கிறது. இதை ஏன் எழுதுகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

பாதிரியார் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்ன கதைப்பது என்று யோசிக்கத்தான்.

"முதல் வார்த்தையே ஓடு எண்டு சொல்லுங்கோ ரீச்சர். சுத்தி வளைக்காதேங்கோ" என்றார் என் கணவர்.

"வந்த மனிசன் கதிரையில இருக்க முந்தியே தா எண்டு கேக்கிறதே? அது பிச்சையெல்லோ" என்றார் ரீச்சர்.

"அவர் குடுக்கத்தானே வாறார்?"

"குடுக்க வந்தாலும் முறை ஒண்டு இருக்கு. முதல் கேக்கேக்க, ஆண்டவர் தந்தது போதும் ஐயா எண்டு சொல்லுவம். அவர் திருப்பிக் கேப்பார். கேக்காமல் விடமாட்டார். அப்ப ஓடு, வாங்கு, கரும்பலகை எண்டு வரிசையாச் சொல்லுறன். எல்லாம் பாடமாக்கி வைச்சிருக்கிறன்."

என் கணவர் தலையைச் சொறிந்தார். ஆனால் மறுத்துப் பேசவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? நாங்களும் அப்படித்தானே. யாராவது தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால் முதல் கேள்விக்கே ஓம் என்று சொல்கிற பழக்கம் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் இல்லை.

மறுநாள் கோவில் விறாந்தையில் மத்தியானச் சாப்பாடு. அது கூப்பனுக்கு அரிசி அளந்து தந்த காலம். ஒவ்வொரு வீடும் தன் பங்கு அரிசியில் கொஞ்சம் கிள்ளிக் கொண்டுவந்து சேர்த்தோம். இரண்டு நாள் பேக்கரிப் பாணும் கிழங்கும் சாப்பிட்டால் போயிற்று என்று. இறால் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, சொதி, அப்பளம். மேசை நிறைந்திருந்தது. அந்த மேசையைப் பார்த்தவன் எவனும் எங்களுக்குக் குறை உண்டென்று நம்பமாட்டான். அது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

பாதிரியார் நல்ல மனுஷர். வயதானவர், வெயிலில் முகம் சிவந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே எல்லாப் பிள்ளைகளுக்கும் கை கொடுத்தார். பரிமாறியது என் மச்சாள், என் கணவரின் தங்கை. அவள் கையில் அகப்பை கிடைத்தால் யாரும் தப்ப முடியாது. பாதிரியார் தன் சாப்பாட்டுக் கோப்பைக்கு மேல் கையை விரித்து ஏதோ இங்கிலீஷில் சொன்னார். செயலாளர் ஐயா சிரித்தபடி அவருக்கு ஒரு சொல் சொல்லிக்கொடுத்தார். போதும் என்று சொல்லுங்கள் என்று. பாதிரியார் மச்சாளை நிமிர்ந்து பார்த்து, பெரிய சத்தமாக, "போடும்! போடும்!" என்றார்.

மச்சாள் விடுவாளா? "துரையே போடும் எண்டு கேக்கிறார்!" என்று இரண்டு அகப்பை இறாலைப் போட்டாள்.

"போடும்! போடும்!" என்று அவர் கத்தினார்.

"போடுறன் துரை, போடுறன். அவசரப்படாதேங்கோ!"

விறாந்தையே குலுங்கியது. ரீச்சர்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். செயலாளர் ஐயா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுப் பாதிரியாருக்கு விளக்கினார். அவர் இங்கிலீஷில் சொன்னாலும் கையைப் பார்த்தே எங்களுக்கு விளங்கியது. ஒரு கையால் கோப்பையை மூடிக்காட்டினார், மறு கையால் அகப்பையில் அள்ளிப் போடுவது போலக் காட்டினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நீங்கள் சொன்ன சொல்லுக்குப் போடு எண்டு கருத்து எண்டு சொன்னனான். சரியாச் சொன்னாலும் இந்தச் சனத்திட்ட போதும் எண்டால் இன்னுமொரு அகப்பை எண்டுதான் கருத்து எண்டும் சொல்லிப்போட்டன்" என்றார். பாதிரியார் ஆச்சரியப்பட்டுத் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.

இது என் இரண்டு கண்ணாலும் பார்த்தது. சாப்பாட்டு மேசையில் இருந்த எல்லாரும் பார்த்தது.

சாப்பாடு முடிந்து அதே விறாந்தையில் கூட்டம். என் மகள் பூமாலை போட்டு, வரவேற்பு வாசித்தாள். அவளுக்கு அந்தக் கூட்டம் எதற்கென்று நன்றாகத் தெரியும். வாசித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். பாதிரியார் எழுந்து நின்று கதைத்தார். செயலாளர் ஐயா தமிழில் சொன்னார்: தாய்ச்சபையார் உங்களை மறக்கவில்லை, உங்கள் பள்ளிக்கூடத்துக்கு என்ன தேவை என்று கேட்கிறார்.

ரீச்சர் எழுந்தார். கையைக் கூப்பினார். "ஆண்டவர் எங்களுக்குத் தந்தது போதும் ஐயா. நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததே போதும். உங்கட ஜெபம் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும்" என்றார். சொல்லிவிட்டு இருக்காமல் அப்படியே நின்றார், திருப்பிக் கேட்கும்போது சொல்வதற்காக.

செயலாளர் ஐயா அதை இங்கிலீஷில் சொன்னார். சின்ன வசனம்தான்.

பாதிரியார் ரீச்சரைப் பார்த்தார். பிறகு செயலாளர் ஐயாவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வலது கையை உயர்த்தி, அகப்பையால் அள்ளிப் போடுவது போலக் காட்டி, "போடும்?" என்று கேட்டார்.

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மத்தியானப் பகிடியைத் திருப்பிச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தோம். மச்சாள், "துரைக்கு இன்னும் பசி தீரேல்லை!" என்றாள். அதற்கும் சிரித்தோம்.

செயலாளர் ஐயா சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார். "நோ, நோ" என்று சொல்லி, மெதுவாக இன்னும் ஏதோ சொன்னார். பாதிரியாரின் கை கீழே இறங்கியது. சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்தவர் அதைத் திருப்பிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ரீச்சர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, ரீச்சர் ஏன் ஓடு எண்டு சொல்லேல்லை?" என்று மகள் என் காதுக்குள் கேட்டாள்.

"பொறு. திருப்பிக் கேப்பார்."

அவர் திருப்பிக் கேட்டு முடிந்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பாதிரியார் கண்ணை மூடி எங்களுக்காக நீண்ட ஜெபம் செய்தார். பிள்ளைகளைப் பாயில் இருத்திப் படம் எடுத்தார். பிறகு செயலாளர் ஐயாவோடு முன்பக்கத்துப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனார். ரீச்சர் எப்போது உட்கார்ந்தார் என்று எனக்கு நினைவில்லை.

ஆனாலும் நம்பிக்கை விட்டுப் போகவில்லை. கண் இருக்கிறதே, விறாந்தையைப் பார்த்தாரே, பாயைப் பார்த்தாரே என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். சில மாதம் கழித்து ஒரு நாள் என் கணவர் பட்டறையிலிருந்து ஓடாத குறையாக வந்தார். "கப்பல்ல எங்கட பெட்டியள் வந்திட்டுதப்பா! மிஷன் பேர் போட்டிருக்கு. பெரிய பெட்டியள்!" என்றார். அன்றைக்கு நான் பாயாசம் வைத்தேன். சீனி இல்லை, கருப்பட்டியில்.

இரண்டு நாளில் மாட்டு வண்டிகள் வந்தன. எங்கள் ஒழுங்கை வழியாகத்தான் வந்தன. ரீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை வாசலில் வரிசையாக நிறுத்தினார். பழைய பள்ளிக்கூடக் கதவை என் மகளும் இன்னொரு பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திறந்து வைத்தார்கள். முதல் வண்டி கதவைத் தாண்டிப் போனது. பின்னால் வந்த வண்டியும் தாண்டியது. நான் ஓடிப்போய் வண்டிக்காரனை நிறுத்தி, இதுதான் பள்ளிக்கூடம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவன் கையால் முன்பக்கத்தைக் காட்டி, "மெத்தன நெவெய் நோனா, இஸ்ஸரஹ" என்றான். இங்கே இல்லையாம், முன்னாலாம். வண்டி கடைசி வரைக்கும் போனது. பிள்ளைகள் கதவைப் பிடித்தபடியே நின்றார்கள். ரீச்சர்தான் வந்து, "சாத்துங்கோ பிள்ளையள்" என்றார்.

முன்பக்கத்துக்குப் புது ஓடு, புது மேசை, கண்ணாடி அலுமாரி, ஒரு பியானோவும் வந்தது. அவ்வளவும் வரட்டும், எங்களுக்கு அதில் பொறாமை இல்லை. எங்களுக்கு வேண்டியது ஒரு கூரை.

அந்தச் சனிக்கிழமை ரீச்சரும் நானும் மகளும் வெள்ளவத்தைக்குப் போனோம். ட்ராமில் கோட்டைக்கு வந்து அங்கே ரயில் ஏறினோம். கொள்ளுப்பிட்டி தாண்டிக் கடல் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தும் ரீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. ஜெபிக்கிறார் என்று விட்டுவிட்டேன். செயலாளர் ஐயா எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். அவர் உடனே உள்ளே திரும்பி, "தேத்தண்ணி போடுங்கோ" என்றார். அதைக் கவனித்தேன். அங்கே மட்டும் அவருக்கு முறை நன்றாகத் தெரிந்தது.

ரீச்சர் சொல்லி முடித்ததும் அவர், "ரீச்சர், நீங்கள்தானே போதும் எண்டு சொன்னனீங்கள்? சபையார் எல்லாருக்கும் முன்னால?" என்றார்.

"ஓம் ஐயா. சொன்னனான்."

"அதைத்தான் நான் சொன்னன். ஒரு சொல் கூட்டேல்லை, குறைக்கேல்லை."

"அவர் திருப்பிக் கேட்டவரெல்லோ? கையால காட்டிக் கேட்டவர். நீங்கள் இல்லை எண்டு தலையை ஆட்டினனீங்கள்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் ரீச்சர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இத்தனை மாதமாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

ஐயா கதிரையில் சாய்ந்தார். "இஞ்ச பாருங்கோ. வந்தது எல்லாருக்கும் காணாது. ரெண்டாப் பிரிச்சால் ரெண்டும் அரைகுறை. இனி வாற காலத்துக்கு இங்கிலீஷ் இல்லாமல் எங்கட பிள்ளையள் என்ன செய்யிறது? நான் சமுதாயத்துக்காகத்தான் செய்தனான். உங்கட பிள்ளையளையும் முன்பக்கம் அனுப்புங்கோ, நான் வேண்டாம் எண்டனானே?"

ரீச்சர் எழுந்தார். என் வாழ்நாளில் அவர் சத்தமாகக் கதைத்ததை அந்த ஒரு தரம்தான் கேட்டேன். சத்தம் என்றும் சொல்ல முடியாது, கொஞ்சம் அழுத்திச் சொன்னார். "அந்த வெள்ளைக்காரனுக்குத் தெரியாது ஐயா. நீங்கள் தமிழன். உங்களுக்குத் தெரியும்."

தேத்தண்ணி வந்தது. நாங்கள் குடிக்காமல் வந்தோம்.

பாதிரியாருக்கு நேராக எழுதலாம் என்று என் கணவர் சொன்னார். ரீச்சர் சம்மதிக்கவில்லை. எழுதினாலும் கமிட்டி வழியாகத்தான் போகும், கமிட்டி என்றால் யார் என்று கேட்டார். அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்தார். ஓடும் இல்லை, வாங்கும் இல்லை. அவரும் நல்ல மனுஷர்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுதினார். எங்கள் பள்ளிக்கூடம் பதிவிலிருந்து போனது. பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஊருக்குப் போய்த் திரும்பி வந்த பிள்ளைகளால் நிறைந்து இடமில்லாமல் கிடந்தன. எங்கள் பிள்ளைகளில் சிலர் தெமட்டகொடைப் பக்கம் நடந்து போய்ப் படித்தார்கள். பலர் வீட்டில் நின்றார்கள்.

என் மகளை முன்பக்கத்துப் பள்ளிக்கூடம் எடுத்தது. ஆனால் இங்கிலீஷ் தெரியாது என்று பாலர் வகுப்பில் இருத்தினார்கள். மற்றப் பிள்ளைகள் அவள் இடுப்பளவு. கடல் கடந்து வந்த அந்தப் புது மேசைகள் பாலர்களுக்கு அளவாகச் செய்தவை. அவளுடைய முழங்கால் உள்ளே போகாது. காலைப் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தாள். அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு தவணை போனாள். முழங்கால் இரண்டிலும் கன்றல். ஒரு நாள் காலையில் புத்தகப் பையை மேசையில் வைத்து, "அம்மா, எனக்குப் போதும்" என்றாள்.

நான் திருப்பிக் கேட்டேன். எத்தனை தரம் கேட்டேன் என்று கர்த்தருக்குத் தெரியும். அவளுடைய போதும் அப்படியே நின்றது. அதற்குப் பிறகு அவள் பூனைக்கும் படிப்பித்ததில்லை.

ரீச்சரை முன்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பிக்க எடுத்தார்கள். தாயைப் பார்க்க வேண்டியிருந்தது, போனார். எங்களைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவார். அவரைக் குறை சொல்பவர்களும் ஒழுங்கையில் இருந்தார்கள். தன் வாயால்தானே கெடுத்தாள் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவரும் யாருடைய வீட்டிலும் முதல் கேள்விக்குத் தேத்தண்ணி குடித்தவர்கள் அல்ல.

மகள் தையல் பழகினாள், கல்யாணம் செய்தாள். மருமகனுக்கு நெசவாலையில் வேலை. அதனால் இப்போது நாங்களும் வெள்ளவத்தையில்தான், கடற்கரைப் பக்கம் அல்ல, வாய்க்கால் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய கோவிலுக்குப் போகிறோம்.

நான் முதலில் சொன்ன நன்றியறிதல் ஆராதனை அங்கேதான் நடந்தது. முன்பக்கத்துப் பள்ளிக்கூடம் யுத்தத்துக்குப் பிறகு மறுபடி எழும்பியதன் ஆண்டு நிறைவுக்காக. வயதாகித் தடி ஊன்றி நடக்கும் செயலாளர் ஐயா பேசினார். தாய்ச்சபையின் அன்பைப் புகழ்ந்தார். பிறகு, "எங்கள் தமிழ்ப் பகுதியார் தங்களுக்கு உள்ளது போதும் என்று மனமுவந்து சொல்லி, இந்தக் கட்டடத்துக்காக விட்டுக்கொடுத்தார்கள். அந்தத் தியாகத்தை இன்று நினைவுகூருகிறோம்" என்றார். சபையார் ஆமென் சொன்னார்கள். ரீச்சர் அப்போது உயிரோடு இல்லை. என் மகள் என் பக்கத்தில் இருந்தாள். முழங்காலில் இரண்டு கையையும் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனைக்குப் பிறகு சாப்பாடு. அதே விறாந்தை. பரிமாறிய பெண்ணுக்கு எங்களைத் தெரியாது. மகள் போதும் என்றாள். அந்தப் பெண் வழக்கம்போல இன்னொரு அகப்பையை நீட்டினாள். மகள் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு, "போதும் எண்டால் போதும்தான், தங்கச்சி. நாங்கள் விட்டுக்குடுத்த ஆக்கள்" என்றாள். அந்தப் பெண் ஒன்றும் விளங்காமல் சிரித்தாள்.

எங்கள் வீட்டில் என் பேத்திக்கு இப்போது சாப்பாட்டுக்கு முதல் சொல்லிக்கொடுப்பது ஜெபமும், அதற்குப் பிறகு ஒரு சொல்லும். வேணும் என்றால் வேணும் என்று சொல்ல வேண்டும். மற்ற வீடுகளில் அவளை முறை தெரியாத பிள்ளை என்கிறார்கள். சொல்லட்டும்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன், முதல் தரமே கேட்கிறேன். கொட்டாஞ்சேனையில் அப்படியொரு பள்ளிக்கூடம் இருந்ததா என்று யாராவது உங்களிடம் கேட்டால், இதை உள்ளபடியே சொல்லுங்கள். எங்களைத் தியாகிகள் ஆக்க வேண்டாம். பாதிரியாரைக் கெட்டவர் ஆக்கவும் வேண்டாம், அவர் திருப்பிக் கேட்டவர். ரீச்சர் போதும் என்று சொன்னதைச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு உட்காராமல் நின்றதையும் சொல்லுங்கள். பாதிரியாரின் கை மேலே போனதைச் சொல்லுங்கள். யார் தலையை ஆட்டினார் என்பதையும், நாங்கள் அந்த நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.